கோர்ட்டு மேடத்தின் வாக்குமூலம்

தமிழ்நாட்டில் நீதிபதிகளை வகுப்புக்கு வெளியே நிற்கவைத்த ஒரே மனுஷி எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார். தாமதமாக வந்த ஒரு வரிசை மாஜிஸ்ட்ரேட்டுகளை வராந்தாவிலேயே நிறுத்தி, "சாட்சி லேட்டா வந்தா நீங்க இன்னா பண்ணுவீங்க, வாரண்ட் தானே?" என்று கேட்டாராம். இதை எனக்குச் சொன்னவர் எங்கள் வீட்டுக்காரம்மா சரோஜா அக்கா. அவருக்குச் சொன்னது யார் என்று தெரியாது. அடுத்தவர் சொல்லிக் கேட்டது சாட்சியம் ஆகாது என்பார் மேடம். ஆனாலும் இதை மட்டும் நான் நம்புகிறேன். அவரிடமே கேட்டு உறுதிசெய்திருக்கலாம். கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று விட்டுவிட்டேன். நான் அப்படித்தான்.

ஆரணியில் எங்கள் தெரு முழுக்க அவருக்குப் பெயர் கோர்ட்டு மேடம். உண்மையில் கோர்ட்டில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. சட்டக் கல்லூரியில் குற்றவியல் சட்டம் நடத்தி ஓய்வுபெற்றவர். கூடவே, புதிதாக வேலைக்கு வரும் நீதிபதிகளுக்கும் கோர்ட்டு ஊழியர்களுக்கும் பயிற்சி வகுப்பு எடுப்பவர். கல்லூரி விட்டும் அந்த வகுப்புகள் அவரை விடவில்லை. மாதத்தில் சில நாள் பஸ் ஏறிச் சென்னைக்குப் போவார். மற்ற நாளெல்லாம் மாடி அறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தே வகுப்பெடுப்பார். இந்த வித்தியாசமெல்லாம் தெருவுக்கு வேண்டியிருக்கவில்லை. ஜட்ஜுக்கே பாடம் எடுப்பவர் என்றால் ஜட்ஜைவிடப் பெரியவர், அவ்வளவுதான்.

நான் கீழே பக்கவாட்டுப் போர்ஷனில் இருந்தேன். என் கணவருக்கு ஒரகடம் பக்கம் கார் கம்பெனியில் ஷிப்டு வேலை. வார விடுமுறைக்கு வருவார், ஓவர்டைம் விழுந்தால் அதுவும் இல்லை. மாமியார் வீடு தேசூரில். குழந்தை டாக்டர் நடக்கிற தூரத்தில் இருக்கவேண்டும் என்ற என் பிடிவாதத்தால்தான் ஆரணியில் வீடு பார்த்தோம். டாக்டர் கிடைத்தார். பேச ஆள்தான் கிடைக்கவில்லை. என் மகள் நிலாவுக்கு அப்போது இரண்டரை வயது. அவளிடம் எவ்வளவு நேரம்தான் பேசமுடியும்?

வகுப்பு நடக்கும்போது மேடத்தின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும். காரணம் தறி. எங்கள் வீட்டுப் பின்கட்டில் சரோஜா அக்காவின் கைத்தறி இரண்டு, அடுத்த வீட்டில் விசைத்தறி. இந்த இரண்டு சத்தத்துக்கும் மேலே ஏறித்தான் அவர் கொலைக்கும் மரணம் விளைவிக்கும் குற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கவேண்டும். ஒருநாள் யாரோ ஒரு நீதிபதி, ஏதோ சத்தம் வருகிறதே என்று பணிவோடு சொல்லியிருக்கிறார்.

"பின்னால கேக்கறது தறிங்க. உங்க கோர்ட்டு வராந்தாவுல இதவிட சத்தமா இருக்கும். அதுல சாட்சி சொல்றது உங்க காதுல வுழும்னா, இதுல நான் சொல்றதும் வுழும்" என்றார் மேடம். அதற்குப் பிறகு அந்த நீதிபதியின் குரல் வரவே இல்லை.

இன்னொரு நாள், துணி காயப்போட மாடிக்குப் போனவள் காதாரக் கேட்டது இது: "மூணாவது வரிசை, ஓரத்துக் கட்டத்துல கீறவங்களே. கண்ண மூடிகினு கீறீங்களே, தூங்கறீங்களா, தீர்ப்ப ஒத்திவெச்சிருக்கீங்களா?"

நீதிபதிகளைவிடக் கோர்ட்டு ஊழியர்களுக்குத்தான் அவர் பயப்படுவார். அவர்களுக்கு வகுப்பு இருக்கிற அன்று காலையிலேயே தலைவலி மாத்திரை போட்டுக்கொள்வார். "ஜட்ஜுங்களுக்குத் தெரியாதுன்னு அவங்களுக்கே தெரியும், கேட்டுக்குவாங்க. இவங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சவங்களுக்குப் பாடம் நடத்தறதுதாங்க பேஜாரு."

அதற்கு நடுவில் சட்டமே மாறியது. பழைய சட்டங்கள் போய்ப் புதிய சட்டங்கள் வந்தன; எல்லாப் பிரிவுக்கும் எண் மாறிவிட்டது. கொலை என்றால் முந்நூற்று இரண்டு என்று வாழ்க்கை முழுக்கச் சொல்லிவந்தவர், ஒரே நாளில் நூற்று மூன்று என்று சொல்லவேண்டியதாயிற்று. படி ஏறும்போதும் பாத்திரம் துலக்கும்போதும் எண்களை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். "எல்லாரும் வூடு மாறிப் போய்ட்டாங்கம்மா. யாரு எந்த நம்பர்ல கீறாங்கன்னு நான் தேடிகினு கீறேன்" என்பார், ஏதோ சொந்தக்காரர்களைச் சொல்வதைப்போல. காய்கறி வண்டிக்காரர் அழுகின தக்காளியைப் போட்டுவிட்டார் என்று ஒரு அம்மா அவரை ஃபோர் ட்வென்டி என்று திட்டியபோது, மேடம் மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்துத் திருத்தினார்: "அப்பிடிச் சொல்லாதீங்க. இப்ப அவரு முந்நூத்திப் பதினெட்டு." திட்டியவரும் திட்டு வாங்கியவரும் சண்டையை மறந்து மேலே பார்த்தார்கள்.

தெருவில் எந்த வழக்கும் நேராக மாடிக்குத்தான் போகும். போன வேகத்தில் திரும்பியும் வந்துவிடும். ஏனென்றால் அவருக்கு சிவில் ஆகாது. சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது என்பதைப்போல, "எனக்கு சிவில் ஆவாதுங்க" என்பார். சுவர் தகராறு, வாய்க்கால் தகராறு, பாகப்பிரிவினை எதுவும் ஆகாது. அடுத்த வீட்டுத் தென்னையிலிருந்து தங்கள் வாசலில் தேங்காய் விழுந்தால் யாருக்குச் சொந்தம் என்று கேட்டு ஒருவர் வந்தார்.

"தேங்கா வுழுந்தா சிவில். அந்தத் தேங்காயால யார்னா யாரயாவது அடிச்சா எங்கிட்ட வாங்க."

அவர் சொந்த ஊர் தேசூர் பக்கத்துக் கிராமம். பஸ்ஸில் போய்வருகிற தூரம்தான். அங்கே போய் இருக்கலாமே என்று ஒருநாள் கேட்டேன். "எங்க ஊர்ல எல்லாருக்கும் சிவில் கேசு கீது. என் தம்பிக்கே மூணு. நான் அங்க போனா செத்துடுவேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தீர்ப்பு எழுத அத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு, ஓட்டலில் பூரியா பொங்கலா என்று முடிவெடுக்கத் தெரியாது. ஒருமுறை அவரோடு டிபன் சாப்பிடப் போனேன். பரிமாறுகிறவர் வந்து நின்று, போய், மறுபடி வந்து நின்றார். "ரெண்டு பக்கமும் நியாயம் கீதுங்க" என்று மேடம் அவரிடம் சொன்னார். கடைசியில் நிலா பக்கத்து மேசைப் பூரியைப் பார்த்துக் கை நீட்டியதால் பூரி வந்தது. "நான் தீர்ப்பு சொல்றவ இல்லிங்க. தீர்ப்பு எப்பிடிச் சொல்றதுன்னு சொல்றவ" என்றார், பூரியைப் பிய்த்துக்கொண்டே.

நிலாவையும் அவர் 'வாங்க போங்க' என்றுதான் அழைப்பார். சின்னக் குழந்தையைச் சாட்சி விசாரிக்கிறபோது முதலில் அதன் பயத்தைப் போக்கவேண்டும், அதற்கு மரியாதைதான் வழி என்று நீதிபதிகளுக்குச் சொல்லிச் சொல்லி அதுவே பழக்கமாகிவிட்டது. "உக்காருங்க. சாப்ட்டீங்களா? உங்க செருப்பு இன்னா கலருங்க?" என்று கேட்பார். நிலா ராணிபோல உட்கார்ந்து பதிலே சொல்லமாட்டாள். "நல்ல சாட்சி. தெரியாதத சொல்லல" என்பார் மேடம்.

இதையெல்லாம்விடப் பெரிய பழக்கம் ஒன்று அவருக்கு இருந்தது. குற்றம் செய்தவர் தானாக வந்து ஒத்துக்கொள்ள முன்வந்தால், மாஜிஸ்ட்ரேட் அதை உடனே எழுதிவிடக் கூடாதாம். ஒத்துக்கொள்ளவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகவே அது திரும்பும் என்று எச்சரித்து, யோசிக்க ஒருநாள் அவகாசம் கொடுத்து அனுப்பவேண்டுமாம். இதுதான் அவர் வகுப்பில் உயிரைக் கொடுத்து நடத்துகிற பாடம். சிக்கல் என்னவென்றால், வகுப்பு முடிந்தும் அவர் அதை நிறுத்தமாட்டார். யாராவது, "மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தால் போதும், கையை உயர்த்திவிடுவார்.

எங்களுக்குப் பால் ஊற்றுகிறவர் அப்படி ஒருநாள் தெரியாமல் மாட்டிக்கொண்டார்.

"மேடம், ஒண்ணு சொல்லணும்."

"இருங்க. நீங்க சொல்லணும்னு கட்டாயம் இல்ல. சொன்னா, அது உங்களுக்கு எதிராவே திரும்பலாம். யாரும் உங்கள மெரட்டலியே?"

"இல்லீங்க."

"போயி நல்லா யோசிச்சிட்டு நாளைக்கு வாங்க."

மனிதர் வெளுத்துப்போய் இறங்கினார். மறுநாள் பால் வரவில்லை. நாளைக்குப் பால் கிடையாது, உறவில் ஒரு கல்யாணம் என்பதைத்தான் அவர் சொல்லவந்திருக்கிறார். அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் பக்கமே வருவதை நிறுத்திவிட்டார். பாலில் தண்ணீர் கலந்திருப்பார், அதுதான் பயந்துவிட்டார் என்று சரோஜா அக்கா முடிவுகட்டினார்.

எனக்கு மேடத்தோடு பழக்கம் வந்தது என் சந்தேகங்களால்தான். எதையும் திரும்பத் திரும்ப யோசிக்கிற புத்தி எனக்கு. தடுப்பூசிக்குப் பிறகு வந்த காய்ச்சல் சாதாரணமானதா, நிலா இன்னும் கோர்வையாகப் பேசாதது என் தவறா, கேஸை மூடினேனா. கணவரிடம் போனில் கேட்டால், "எப்பப் பாத்தாலும் சந்தேகமா உனக்கு" என்பார். மேடம் அப்படிச் சொல்லமாட்டார். "சந்தேகம் நல்லதுங்க. எனக்கு சம்பளமே அதுக்குத்தான் குடுத்தாங்க. அது நியாயமான சந்தேகமான்னுதான் பாக்கணும்" என்று விசாரணையை ஆரம்பிப்பார்.

"கேஸ மூடுனீங்களா, பாத்தீங்களா?"

"பார்த்தேன் மேடம்."

"எத்தினி வாட்டி?"

"நாலு தடவை."

"மொத வாட்டி பாத்தது சந்தேகம். நாலாவது வாட்டி பாத்தது, பேச ஆள் இல்லாதது. உக்காருங்க, டீ போடறேன்."

அன்றிலிருந்து சாயங்காலத்தில் மாடியில் டீ குடிப்பது வழக்கமானது. பெரிதாக ஒன்றும் பேசமாட்டோம். அவர் எண்களை முணுமுணுப்பார். நான் துணி மடிப்பேன். கீழே தறி ஓடும்.

பகலில் நானும் நிலாவும் தறிக்கூடத்தில் போய் உட்கார்ந்திருப்போம். சேவூரிலிருந்து வந்து தறி நெய்கிற ஏழுமலை அண்ணன் அதிகம் பேசமாட்டார். ஆனால் ஒரு ஆள் வேலை செய்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பதே எனக்கு ஆறுதலாக இருக்கும். நிலாவுக்கு அங்கே எல்லாம் பளபளப்பு. ஜரிகை நூல் சுற்றிய கண்டைக் கையில் எடுப்பாள், நான் பதறிப் பிடுங்கி வைப்பேன்.

ஒருநாள் புதிதாக வந்த ஜரிகைக் கண்டில் ஒன்றைக் காணவில்லை.

வெள்ளியில் இழுத்துத் தங்கமுலாம் பூசிய அசல் ஜரிகை. சரோஜா அக்கா கூடத்தைத் தலைகீழாகப் புரட்டினார். பிறகு என் வாசலில் வந்து நின்றார்.

"நிலாம்மா, கொழந்த கையில கண்டு இருந்துச்சில்ல?"

"நான் அப்பவே வாங்கி வெச்சிட்டேன்கா."

"கொழந்ததானே, எங்கனா போட்டிருக்கும். நான் ஒண்ணும் தப்பா சொல்லல. நீயே ஒரு வாட்டி உன் வூட்ல பாத்துடு."

பார்த்தேன். அரிசி டின்னில், பீரோவில், நிலாவின் பொம்மைக்கூடையில், வாஷிங் மெஷினுக்குள்ளே. மறுநாள் தறிக்கூடத்துக்குத் தாழ்ப்பாள் விழுந்தது. அக்கா வழக்கமாகக் கொண்டுவந்து கொடுக்கிற குழம்புக் கிண்ணம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து அக்கா முகம் பார்க்காமல் சொன்னார்: "உன் வூட்டுக்காரரு வரட்டும், அவராண்ட பேசிக்கறேன். எனக்கும் வேற ஆள் வெச்சிக்க வசதியா இருக்கும்."

திருடியை மனைவியாக வைத்திருக்கிறாய், வீட்டைக் காலி செய் என்று என் கணவரிடம் சொல்லப்போகிறார். அவர் நம்பமாட்டார். ஆனால், "நீதான் எதையும் எங்க வெச்சேன்னு மறந்துடுவியே" என்று கேட்பார். அந்த ஒரு வார்த்தை போதும், நானே நம்பிவிடுவேன். பாதி நம்பத் தொடங்கியும்விட்டேன். பிடுங்கி வைத்தேனே, எங்கே வைத்தேன்? புடவைத் தலைப்பில் சிக்கி வந்திருந்தால்? நிலா குப்பைக்கூடையில் போட்டு, நான் அதைத் தெருவில் கொட்டியிருந்தால்?

அடுத்த நாள் காலை துணி காயப்போட மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். மேலே ஏழுமலை அண்ணன் குரல் கேட்டது.

"மேடம், அந்த ஜரிகை விஷயமா ஒண்ணு சொல்லணும்."

அடுத்த படியில் நான் கால் வைக்கவில்லை.

"இருங்க" என்றார் மேடம். "நீங்க சொல்லணும்னு கட்டாயம் இல்ல. சொன்னா, அது உங்களுக்கு எதிராவே திரும்பலாம். யோசிச்சிட்டு நாளைக்கு வாங்க."

"இல்ல மேடம், இப்பவே..."

"நாளைக்கு வாங்க."

அவர் என்னைத் தாண்டி இறங்கிப் போனார். ஈரத்துணியோடு நான் படியிலேயே நின்றேன்.

அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்ததும் படியைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். ஏழுமலை அண்ணன் வந்தார். படிப் பக்கம் திரும்பாமல் நேரே தறிக்குப் போனார். தறிக்கு அடியிலிருக்கிற குழியில் காலை இறக்கி உட்கார்ந்து நெய்ய ஆரம்பித்தார். மதியம் சாப்பிட்டார். சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். யோசித்துவிட்டார் போலிருக்கிறது.

நான் மாடிக்குப் போனேன். வாழ்க்கையில் முதல்முறையாக, எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்க்காமல் பேசினேன்.

"அவர் சொல்ல வந்தார் மேடம். நீங்கதான் சொல்லவிடல."

"அவரு இன்னா சொல்ல வந்தாருன்னு எனக்குத் தெரியாதுங்க. உங்களுக்கும் தெரியாது. 'நான் பாக்கல மேடம்'னு சொல்ல வந்திருக்கலாம்."

"அதுக்கு எதுக்கு மாடி ஏறி வரணும்?"

"பயத்துல. உங்க மேல பழி போட்டுட்டாங்க, அடுத்தது தன் மேல போடுவாங்கன்னு. காதுல வுழுந்த ஒரு வார்த்தைய வெச்சி அவரு மேல நீங்க போடணுமா?"

அது சரியாகவே இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமானது. "அப்ப நான் திருடியாவே இருந்துட்டுப் போறேனா மேடம்? உங்க ஜட்ஜுங்க நல்லா இருக்கட்டும். பரவாயில்ல, நானே ஒத்துக்கறேன். கொழந்த எங்கயோ போட்டுடுச்சு, வெலையக் குடுத்துடறேன்னு சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு. யாருக்குத் தெரியும், ஒருவேளை அதுதான் நடந்துச்சோ என்னவோ."

மேடம் எண் முணுமுணுக்கவில்லை. டீ போட எழுந்திருக்கவும் இல்லை.

"இத நான் வகுப்புல சொல்வேன்" என்றார் மெதுவாக. "செய்யாதத ஒத்துக்கறவங்க ஏன் ஒத்துக்கறாங்கன்னு. அடி மட்டும் காரணம் இல்லிங்க. தனியா கீறவங்கதான் ஜல்தியா ஒத்துக்குவாங்க. ஒத்துக்கினா, அப்புறமாவது யார்னா பக்கத்துல உக்காந்து பேசுவாங்களேன்னு." பிறகு, "நீங்க இப்ப கீழ போவாதீங்க. நிலாவப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அவரே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

நிலாவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். சரோஜா அக்கா முன்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"சரோஜாம்மா, அந்த ஜரிகைய எடுத்தது நான்தாங்க" என்றார் மேடம்.

அக்கா சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. தறிக்காரர் சாப்பிடப் போன நேரம், பின்கதவில் நாதாங்கி போடாதது, எந்த மூலையில் எந்தக் கண்டுக்கு அடியிலிருந்து எடுத்தது, எந்தக் கையில் பிடித்துப் படி ஏறியது என்று வரிசையாகச் சொன்னார். அவ்வளவு தெளிவான வாக்குமூலத்தை எந்தத் திருடனும் கொடுத்திருக்கமாட்டான். ஒரு இடத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. முடிவில், "குடியிருக்கற வூட்ல திருட்டு. பழசுல முந்நூத்தி எண்பது, இப்ப முந்நூத்தி அஞ்சு. ஏழு வருஷம் வரைக்கும் போடலாம். நீங்க புகார் குடுக்கலாம்" என்றார்.

அக்கா கையிலிருந்த வெங்காயம் உருண்டது. "ஏழு வருசமா? மேடம், நீங்க மொதல்ல உக்காருங்க. நான் யாராண்டயும் மூச்சு வுடல. தண்ணி குடிக்கறீங்களா?"

மேடம் தண்ணீர் குடித்தார். மாடிக்குத் திரும்பும்போது படியில் நின்று என்னிடம் வருத்தமாகச் சொன்னார்: "பொருள் எங்கன்னு ஒரு கேள்வி கேக்கலயே அவங்க. பொய்யா ஒத்துக்கறவங்க அந்த எடத்துலதான் மாட்டுவாங்கன்னு எத்தினி பேருக்குச் சொல்லிக்குடுத்திருக்கேன்."

"ஏன் மேடம் இப்படிப் பண்ணீங்க? இவ எடுக்கலன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, அப்ப யாருன்னு கேப்பாங்க. யாரு எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. யாரு எடுக்கலன்னு மட்டும்தான் தெரியும்."

அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே தீர்ப்பு அதுவாகத்தான் இருக்கும்.

நான் உடனே அக்காவிடம் ஓடினேன். "அக்கா, மேடம் எனக்காகப் பொய் சொல்றாங்க."

"ஜட்ஜுக்கே பாடம் எடுக்கறவங்க பொய் சொல்வாங்களா? இன்னா பேச்சு பேசற நீ. பாவம், தனியா கீற பொம்பள, ஏதோ புத்தி தடுமாறிப் போச்சி." அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு எனக்குக் குழம்புக் கிண்ணம் வந்துவிட்டது. அதை என்னால் தொடமுடியவில்லை.

மூச்சு விடமாட்டேன் என்ற அக்காவின் மூச்சு, மறுநாளே தெருமுனைக்குப் போய்விட்டது. யாரும் மேடத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கொடுமை. தேங்காய், சுவர், வாய்க்கால் எதுவும் மாடி ஏறவில்லை. அவர் நடந்துபோனால் பெண்கள் மரியாதையாக எழுந்து நின்று, அவர் தாண்டியதும் உள்ளே பொருளெல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக் கதவைச் சாத்தினார்கள். சரோஜா அக்கா தறிக்கூடத்தோடு சமையற்கட்டையும் பூட்டினார். அந்த மாதமே மேடம் வந்தவாசியில் ஒரு கடைக்கு மேலே அறை பார்த்துக்கொண்டு போய்விட்டார். "நான் இங்க இருந்தா அந்தம்மாவுக்கு தினம் கதவு பூட்டறதே வேல. வகுப்பு எங்கேருந்து எடுத்தா இன்னா" என்றார். சாமான் கொஞ்சம்தான், ஒரு குட்டியானை வண்டியில் பாதிகூட நிறையவில்லை. நிலாவிடம், "போயிட்டு வரேங்க" என்றார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

சாயங்காலங்கள் பழையபடி ஆயின. கீழே தறி ஓடியது. மேலே ஒன்றும் கேட்கவில்லை.

மேடம் போன மறுவாரம் ஏழுமலை அண்ணன் என் வாசலில் வந்து நின்றார்.

"நிலாம்மா, மேடம் சென்னையிலேருந்து எப்ப வருவாங்க?"

"காலி பண்ணிட்டுப் போய்ட்டாங்கண்ணா. வந்தவாசிக்கு."

"என்னாலயா?"

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு நேராக முன்கட்டுக்குப் போய், மடியிலிருந்து ஒரு ஜரிகைக் கண்டை எடுத்து சரோஜா அக்கா முன்னால் வைத்தார். அவர் வீட்டுத் தறியில் ஒரு புடவை பாதியில் நின்றுபோயிருந்தது. வேறு ஜரிகை போட்டால் நிறம் மாறிக் கோடு தெரியும். அதே மாதிரி ஜரிகை இங்கே வந்திருந்ததால் எடுத்திருக்கிறார், வீட்டுத் தறிக்கு ஜரிகை கொடுக்கிற முதலாளி அடுத்த கண்டைக் கொடுத்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்று.

"இத சொல்லத்தான் அன்னிக்கி மேடத்தாண்ட போனேன். யோசிச்சிட்டு வான்னாங்க. வூட்டுக்குப் போயி யோசிச்சேன். பயம் வந்துட்ச்சி. யோசிக்க வுடாம இருந்தா அப்பவே சொல்லி முடிச்சிருப்பேன்" என்றார்.

சரோஜா அக்கா கண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவரைத் திட்டவில்லை. "ஏழு வருசம்னாங்களே, எந்தத் தைரியத்துல அந்தம்மா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்து என் கையில் ஒரு தூக்குவாளியைக் கொடுத்தார். "கொழம்பு. நீ போயி குடுத்துட்டு, இட்டுகினு வா. எனக்கு அவங்க மூஞ்சப் பாக்க முடியாது."

கணவர் வருகிற நாள் வரை பொறுத்திருக்கலாமா, போன் செய்துவிட்டுப் போவதா, போனால் என்ன சொல்வது என்று எல்லா யோசனையும் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் எனக்கு வந்தது. வந்தவாசியில் இறங்கிக் கடையை விசாரித்துப் படி ஏறினேன். ஒரு கையில் தூக்குவாளி, இன்னொரு கையில் நிலா.

கதவு திறந்திருந்தது. மேடம் வகுப்பில் இருந்தார். அந்த அறையில் ஒரு நாற்காலிதான் இருந்தது. அதில் அவர் உட்கார்ந்திருந்தார். தறிச்சத்தம் இல்லாத அந்த இடத்திலும் தெருவுக்கே கேட்கிறாற்போல் பேசிக்கொண்டிருந்தார். லேப்டாப்பில் கட்டம் கட்டமாக நீதிபதிகள், எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். இடைஞ்சலாக வந்துவிட்டோமோ, கீழே போய்க் காத்திருக்கலாமா என்று நான் வாசலிலேயே நின்றேன்.

நிலாவுக்கு அந்தத் தயக்கம் இல்லை. "மேதம்" என்றாள், நன்றாகச் சத்தமாக.

மேடம் திரும்பிப் பார்த்தார். பேச்சு பாதியில் நின்றது. கட்டங்களில் தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. அவர் எங்களைப் பார்த்தார், தூக்குவாளியைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு லேப்டாப் பக்கம் குனிந்து, நான் அதுவரை கேட்டிராத சின்னக் குரலில் சொன்னார்:

"கொஞ்ச நேரம் இடைவேளைங்க. எங்க வூட்டு ஆளுங்க வந்துகீறாங்க."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.